ஃபெலிப்பேயின் மெட்டை ஒருமுறை வார்த்தையில்லாமல் ஒலிக்க விடுங்கள்

பிலிப்பைன்ஸ் கல்வித் துறையினருக்கு,

வணக்கம். நான் உங்கள் நாட்டுக்காரன் அல்ல. பேண்டு இசை என்றால் நின்று கேட்கிறவன், உங்கள் விடுதலை வரலாற்றை விரும்பிப் படித்தவன். அந்த உரிமையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

திங்கட்கிழமை காலைகளில் கொடியேற்றும்போது உங்கள் பள்ளிப் பிள்ளைகள் தேசிய கீதமான 'லூபாங் ஹினிராங்' பாடுகிறார்கள். அதற்கு மெட்டுப் போட்ட ஹூலியான் ஃபெலிப்பே, அந்தப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் வரும் ஒரு பெயராக மட்டும் நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

1861இல் கவித்தேயில் பிறந்தவர். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், இசை ஆசிரியர். 1896இல் ஸ்பெயினுக்கு எதிராகப் புரட்சி வெடித்ததும் அவரைப் பிடித்து சான் ஃபெலிப்பே கோட்டையில் அடைத்தார்கள். அடுத்த ஆண்டு வெளியே வந்தவர், பட்டது போதும் என்று ஒதுங்கவில்லை. மறுபடியும் புரட்சிக்காரர்கள் பக்கமே போய்ச் சேர்ந்தார்.

1898 ஜூன் மாதம் புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோ அவரிடம் ஓர் அணிவகுப்பு இசை கேட்டார். ஜூன் 11 அன்று தலைவர்கள் முன்னால் பியானோவில் அதை வாசித்துக் காட்டினார் ஃபெலிப்பே. அவர்களுக்குப் பிடித்துவிட்டது. மறுநாளே காவிட் ஊரில், அகினால்டோவின் வீட்டில் சுதந்திரப் பிரகடனம். சான் பிரான்சிஸ்கோ தே மலாபோன் ஊர் பேண்டு அந்தப் புது மெட்டை அவசர அவசரமாகப் பழகி, கொடி விரிந்தபோது வாசித்தது. அந்த வாத்தியக்காரர்களை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது. கைக்கு இன்னும் படியாத மெட்டு, எதிரே ஒரு நாடு பிறந்துகொண்டிருக்கிறது, ஒரு சுரம்கூடப் பிசகக் கூடாது!

அன்றைக்கு அதற்கு வார்த்தைகளே கிடையாது. ஹோசே பல்மா என்ற இளம் போராளி ஸ்பானிஷில் கவிதை எழுதியது 1899இல்தான். அதுவரை ஓராண்டுக்கும் மேலாக மெட்டு மட்டுமே தேசத்தின் குரலாக இருந்திருக்கிறது.

அப்புறம் அமெரிக்க ஆட்சி வந்தது. 1907இல் கொடியைக் காட்டவே தடை போட்டார்கள். 1919 வரை அது நீங்கவில்லை. ஃபெலிப்பே 1944 அக்டோபரில், ஜப்பானியர் பிடியில் நாடு இருந்தபோது இறந்தார். 1946இல் அமெரிக்காவிடமிருந்து கிடைத்த சுதந்திரத்தை அவர் பார்க்கவில்லை.

ஃபெலிப்பே அமைத்தபடியேதான் தேசிய கீதம் ஒலிக்க வேண்டும் என்று உங்கள் 1998ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மீறினால் அபராதம், சிறை என்றும் சொல்கிறது. ஆனாலும் குத்துச்சண்டை மேடைகளில் பாடகர்கள் அதை இழுத்து இழுத்துப் பாடுவதும், பிறகு சர்ச்சை கிளம்புவதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அபராதத்தால் இது சரியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. டிரம்பெட்டும் டிரம்மும் சேர்ந்து, கால் தானாக எழும் வேகத்தில் இந்த மெட்டைச் சின்ன வயதில் கேட்ட பிள்ளை, வளர்ந்து பாடும்போது அதை இழுக்காது.

ஆகவே நான் கேட்பது இதுதான். கல்வியாண்டின் முதல் திங்கட்கிழமை, பிள்ளைகள் பாடுவதற்கு முன்னால், 1898இல் ஒலித்ததுபோல இசை மட்டும் ஒருமுறை ஒலிக்கட்டும். அதற்கு முன் ஓர் ஆசிரியர் ஃபெலிப்பேயின் கதையை இரண்டு நிமிடம் சொல்லட்டும். பள்ளியில் பேண்டு இல்லையென்றால் ஊர்த் திருவிழாவில் வாசிக்கும் பேண்டைக் கூப்பிடுங்கள், அவர்களுக்கு உரிய கூலியைத் துறையே கொடுக்கட்டும். அதுவும் கிடைக்காத தீவுகளுக்கு நல்ல ஒலிப்பதிவு ஒன்றை அனுப்பி வையுங்கள். வரும் கல்வியாண்டிலேயே தொடங்க முடியும்.

அன்புடன்,
ஓர் இசை ரசிகன்