மரத்தை வெட்டும் முன் பட்டையைக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெப்பமண்டலக் காடுகளில் புதிய லைக்கன் சிற்றினங்கள் கண்டறியப்பட்ட செய்தியை உங்கள் நாளிதழில் படித்து மகிழ்ந்தேன். ஆனால், யாரோ காட்டுக்குப் போனார், படம் எடுத்தார், பெயர் சூட்டினார் என்பதோடு அது முடிந்துவிட்டது. பெயர் சூட்டுவதற்கு முன் நடக்கும் பெரும்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தாவரவியல் கற்பிப்பவள் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர் லைக்கன். நாம் மசாலாவில் சேர்க்கும் கல்பாசியும் லைக்கன்தான். அது இலைபோல் விரிவதால் எளிதில் கண்ணில் படுகிறது. மரப்பட்டையோடு ஒட்டிய சாம்பல் நிறப் பொருக்காக வளர்பவற்றை யார் கவனிக்கிறார்கள்? கிராஃபிஸ் பேரினத்தில் அந்தப் பொருக்கின்மேல் கிறுக்கியதுபோலக் கறுப்புக் கீறல்கள் ஓடும். வித்துகள் உண்டாகும் இடம் அதுவே. கீறலைப் பிளேடால் மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்து, வித்தின் நீளம், உள்ளே எத்தனை அறைகள், நிறம் உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு. நார்ஸ்டிக்டிக் போன்ற அமிலங்கள் இருந்தால் மஞ்சளாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவக்கும். அச்சாக அதேபோல் தோன்றும் இன்னொன்றில் எந்த மாற்றமும் வராது. என் மாணவிகள் முண்டியடித்து எட்டிப் பார்ப்பது இந்தச் சொட்டுக்காகத்தான்.

அதுவும் போதாமல் மரபணுவை ஒப்பிடுகிறார்கள். மத்திய, தென் அமெரிக்காவில் ஒரே சிற்றினம் என்று நெடுங்காலம் கருதப்பட்ட ஒரு லைக்கன், குறைந்தது 126 சிற்றினங்கள் என்று 2014-ல் தெரியவந்தது. இத்தனைக்கும் ஆதாரம் உலர்தாவரகத்தில், அதாவது உலர்த்திய மாதிரிகளைச் சேமித்து வைக்கும் இடத்தில், காக்கப்படும் மாதிரி. நம் நாட்டில் லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தில் அப்படியொரு பெரிய லைக்கன் தொகுப்பு இருக்கிறது.

இங்கே வேலூர், திருப்பத்தூர் பக்கம் சாலையை அகலப்படுத்த வயதான புளிய மரங்கள் சாயும்போது, பட்டையோடு அதில் ஒட்டியிருக்கும் லைக்கன் அவ்வளவும் விறகாகிப் போகிறது. வெட்டுவதைத் தடுக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அது தனி வழக்கு. ஏலம் விடும் முன் அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறைக்கு ஒரு தகவல் கொடுத்தால் போதும். உள்ளங்கை அளவு பட்டையை எடுத்து, நிழலில் உலர்த்தி, காகித உறையில் இட்டு, எந்த மரம், எந்த ஊர், தரையிலிருந்து எவ்வளவு உயரம், என்ன தேதி என்று மேலே எழுதி வைக்கட்டும். பிளாஸ்டிக் பை கூடாது, பூசணம் பிடித்துவிடும். ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் உயிரோடு நிற்கும் மரங்களில் தயவுசெய்து யாரும் கத்தி வைக்க வேண்டாம். லைக்கன்களில் பல ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கின்றன.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிச் செய்தி வரும்போது, எந்த மரத்தில் கிடைத்தது, எந்தச் சோதனையில் வேறுபட்டது, மாதிரி எந்த உலர்தாவரகத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளித் தாவரவியல் ஆசிரியை,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்