மூணாம் நாள் ஏன் மேல கூட்டிட்டு போகல: காஷ்மீர் குல்மார்க் ஸ்கீ வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

போன பேட்ச்ல வந்தவங்க சில பேர் இன்னும் எங்க மேல கோவமாதான் இருக்கீங்கன்னு தெரியுது. ரெண்டு நாள் பனி கொட்டோ கொட்டுன்னு கொட்டிட்டு மூணாம் நாள் வானம் பளிச்சுன்னு இருந்துச்சு, மேல போற கோண்டோலா கேபிள் காரோட ரெண்டாம் கட்டம், ஃபேஸ் டூ, திறந்துட்டான், பக்கத்து ஹோட்டல் டீம் ஸ்கீயைத் தோள்ல போட்டுக்கிட்டு கிளம்பியாச்சு, நாங்க மட்டும் உங்கள பேட்ரோல் (ஸ்லோப் பாதுகாப்பைப் பாத்துக்கற டீம்) திறந்துவிட்ட ஸ்லோப்பத் தாண்ட விடல. "கோயம்புத்தூர்லருந்து இவ்ளோ செலவு பண்ணி வந்தது இதுக்கா"ன்னு ஒருத்தர் கேட்டாரு, கேக்க வேண்டியதுதான். காரணம் பனிச்சரிவு பயம்தான். அந்தக் குளிர்ல நின்னுக்கிட்டு ஒழுங்கா பதில் சொல்ல முடியல, அதான் இப்ப எழுதுறோம்.

குல்மார்க்குக்கு மேல இருக்கற அப்பர்வாட் மலைல கோண்டோலா சுமார் 3,950 மீட்டர் வரைக்கும் தூக்கிட்டுப் போய் விட்டுடுது, அதனால எல்லாருக்கும் ஏதோ பார்க்குக்கு வந்த மாதிரி தோணிடுது. பேட்ரோல்காரங்க பாத்துக்கறது அதுல ஒரு பகுதிதாங்க, அதைத் தாண்டினா வெறும் மலை, கேக்க ஆளில்ல.

அன்னிக்கி காலைல நம்ம கைடு பாய் பனி அடுக்கு எப்படி இருக்குன்னு பாக்க குழி தோண்டினாரே, ஞாபகம் இருக்கா? நிறைய பேர் அப்ப செல்ஃபி எடுத்துட்டு இருந்தீங்க. மேல அரை மீட்டருக்குப் புதுப் பனி, காத்துல இறுகி பலகை மாதிரி ஆயிருந்துச்சு. அதுக்குக் கீழ இருந்ததை ஒரு கை அள்ளிக் காட்டினாரு, அசல் கல்லுப்பு, விரல் சந்துல பொலபொலன்னு கொட்டுது, பந்தா பிடிச்சாலும் நிக்கல. காஷ்மீர்ல குளிர் உச்சத்துல இருக்கற, டிசம்பர் 21ல ஆரம்பிக்கிற சில்லை கலான் 40 நாள்ல பனி கம்மியா விழுந்து ராத்திரி வானம் தெளிவா இருந்தா இப்படித்தான் ஆகும், தரை கிட்டத்தட்ட ஜீரோ டிகிரி, பனியோட மேல்பக்கம் மைனஸ்ல எங்கயோ கிடக்கும், நடுவுல ஆவி மேல ஏறி ஏறி பனித்துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத பெரிய பரலா மாறிடும். அதுக்கு மேல புதுசு விழுந்தா, சரிவுல கல்லுப்பைக் கொட்டி அது மேல கடப்பாக்கல்ல சாய்ச்சு வெச்ச கதைதான். பாய் ஷவலை மேல வெச்சு மணிக்கட்டால தட்டினாரு, அஞ்சாவது தட்டுலயே மேல் பாளம் மேஜை டிராயர் மாதிரி வெளிய வந்துடுச்சு. எங்களுக்கு அதுவே போதும்.

இதுல கொடுமை என்னன்னா பனிச்சரிவு அதிகமா நடக்கறது 30லருந்து 45 டிகிரி சரிவுல, நீங்க ஆசைப்படற பவுடர் ஸ்லோப்பும், அதான் மெத்துனு புதுப் பனி கிடக்கற சரிவும், அதேதான். ஆள் மாட்டுற பனிச்சரிவுல பெரும்பாலும் அந்த ஆளோ கூட வந்தவரோதான் அதைக் கிளப்பி விட்டிருப்பாங்க. வெயில் அடிக்குதுங்கறதுக்காக அந்த உப்பு லேயர் கெட்டியாகாது, வாரக்கணக்கா அப்படியே கிடக்கும்.

2024 ஜனவரில குல்மார்க் பனியே இல்லாம காஞ்சு கிடந்துச்சு, மாசக் கடைசிலதான் விழ ஆரம்பிச்சது. பிப்ரவரி 22ல கிலன்மார்க் பக்கம் சரிஞ்சு ரஷ்யாலருந்து வந்த ஸ்கீயர் ஒருத்தர் இறந்துட்டாரு, அப்ப ஊர்ல கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டே நடந்துட்டு இருந்துச்சு. அவங்க மேல தப்பு சொல்ல வரல, அனுபவம் இருக்கறவங்களுக்கும் நடக்குதுங்கறோம்.

"பீக்கன் குடுத்தீங்கல்ல"ன்னும் கேட்டீங்க, உடம்புல மாட்டிக்கற சிக்னல் கருவியத்தான் சொல்றீங்க. பீக்கன் பனியை நிறுத்தாதுங்க, புதைஞ்ச ஆள் எங்க இருக்காருன்னு காட்டும், அவ்ளோதான். முதல் 10, 15 நிமிஷத்துல தோண்டி எடுத்தா பொழைக்க நல்ல சான்ஸ், அரை மணி தாண்டினா ரொம்பக் கஷ்டம். அந்த நேரத்துல தோண்டப்போறது ரெஸ்க்யூ டீம் இல்ல, பக்கத்துல நிக்கற உங்க ஃபிரெண்டுதான்.

அதனால மார்ச் பேட்ச்லருந்து முதல் நாள் மத்தியானம் பீக்கன் தேடற ப்ராக்டிஸ் கட்டாயம், பனிக்குள்ள பையைப் புதைச்சு வெச்சுடுவோம், தேடி எடுத்தாதான் டீ. கைடு போக வேணாம்னு சொன்னா அன்னிக்கி பேக்கன்ட்ரி, அதாவது பேட்ரோல் எல்லையைத் தாண்டின மலை, கிடையாது, கைடு ஃபீஸும் கியர் வாடகையும் முழுசா திருப்பித் தர்றோம், போன பேட்ச்காரங்களுக்கும் இந்த வாரம் அக்கவுண்ட்ல போட்டுடறோம். குரூப்ல ஒருத்தர் பயமா இருக்குன்னு சொன்னாலும் திரும்பிடுவோம், அவர யாரும் கிண்டல் பண்ணக்கூடாது.

பீக்கனுக்கு பேட்டரி மட்டும் சார்ஜ் பண்ற டைப் வேணாம், புது ஆல்கலைன் ஒரு செட் எடுத்துட்டு வாங்க. ஃபோனை பீக்கன் இருக்கற பாக்கெட் பக்கமே வைக்காதீங்க, சிக்னலைக் கெடுக்கும்.