சொராக்சான் மட்டும்தானா மலை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த கொரியப் பயணக் கட்டுரையைப் படித்தேன். சோல், சொராக்சான் கேபிள் கார், இலையுதிர்காலப் படங்கள், அவ்வளவுதான். சொராக்சான் அழகான மலைதான், மறுக்கவில்லை. ஆனால் அக்டோபரில் போனால் வரிசையில் நிற்பதிலேயே பாதி நாள் கழிந்துவிடும். அதே கங்வொன் மாகாணத்தில், சற்றுத் தெற்கே ஓதேசான் தேசியப் பூங்கா இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

சோலிலிருந்து காங்நுங் போகும் ரயிலில் ஜின்புவில் இறங்கி, உள்ளூர்ப் பேருந்து பிடித்தால் வொல்ஜோங்சா கோயில். பெரும்பாலானவர்கள் அங்கே ஃபிர் மரக் காட்டில் சிறிது தூரம் நடந்து, எட்டுப்பட்டை ஒன்பது நிலைக் கல் கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து திரும்பிவிடாதீர்கள்! அங்கிருந்து சாங்வொன்சா கோயில் வரை ஓடையை ஒட்டியே சுமார் 9 கிலோமீட்டருக்கு ஒரு காட்டுப்பாதை போகிறது, பெயர் சொன்ஜே-கில். வண்டிச் சாலை வருவதற்கு முன் துறவிகள் நடந்த வழி அது. பெரிய ஏற்றம் கிடையாது, வயதானவர்களும் நிதானமாக நடக்கலாம்.

சொன்ஜே என்பது அவதம்சக சூத்திரம் என்ற மகாயான பௌத்த நூலில் வரும் சுதனன். போதிசத்துவர் மஞ்சுஸ்ரீ சொல்லி, ஞானம் தேடி ஐம்பதுக்கும் மேற்பட்ட குருமார்களிடம் போன சிறுவன். அந்தக் குருமார்களில் ஒருவரான மேகன் திராவிட நாட்டு வச்சிரபுரத்துக்காரர் என்று சூத்திரமே சொல்கிறது, நம் வாசகர்களுக்கு இதைச் சொல்லாமல் விடலாமா?

1951இல், கொரியப் போரின்போது, எதிரிகள் தங்கக்கூடாது என்று தென்கொரிய ராணுவமே வொல்ஜோங்சாவை எரித்தது. மேலே சாங்வொன்சாவுக்கும் தீ வைக்க வந்தபோது ஹனாம் என்ற மூத்த துறவி அங்கியை உடுத்திக்கொண்டு சன்னிதியில் உட்கார்ந்துவிட்டார், எரிப்பதென்றால் என்னோடு சேர்த்து எரியுங்கள் என்று. கதவுகளை மட்டும் கழற்றி எரித்துவிட்டுப் போனார்களாம். அதனால்தான் 725ஆம் ஆண்டில் வார்த்த வெண்கல மணியை, கொரியாவில் எஞ்சியிருப்பதிலேயே பழைய மணியை, இன்றைக்கும் அங்கே பார்க்க முடிகிறது. கிட்டப் போய்ப் பாருங்கள். யாழ் போன்ற வாத்தியத்தை மீட்டியபடி மிதக்கும் தேவமங்கை, மேலே வரிசை வரிசையாய் 36 குமிழ்கள், அதில் ஒன்று மட்டும் இருக்காது. ஆண்டோங்கிலிருந்து மணியைக் கொண்டுவந்தபோது மலைக் கணவாயில் அது நகர மறுத்ததாம், ஒரு குமிழை வெட்டி ஊருக்குத் திருப்பி அனுப்பிய பிறகுதான் அசைந்ததாம்.

சாப்பாட்டுக்கும் கவலை வேண்டாம், வொல்ஜோங்சா பக்கத்துக் கடைகளில் மலைக்கீரைகள் போட்ட பிபிம்பாப் என்ற கலவைச் சோறு கிடைக்கும். சைவக்காரர்கள் முட்டை வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்புறம், காட்டுத்தீ அபாயமுள்ள மாதங்களில் உச்சிக்குப் போகும் சில பாதைகளை மூடிவிடுவார்கள், விசாரித்துவிட்டுப் போவது நல்லது. சாங்வொன்சாவிலிருந்து திரும்பும் பேருந்துகளும் குறைவு.

அடுத்த முறை கொரியாவைப் பற்றி எழுதும்போது ஓதேசானுக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்