அம்மாவின் கிட்னி

பாப்பா,

நேற்று போனில் "அம்மாவோடது போச்சுன்னா என் கிட்னியை எடுத்துக்கோங்கப்பா" என்று நீ சொன்னதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லித்தான் போனை வைத்தேன்.

முதலில், நாளைக்கே டயாலிசிஸ் இல்லை. 2009-இல் அம்மாவின் கிட்னியை எனக்கு வைத்த ஆபரேஷன் முடிந்து மூன்றாம் மாதம் வந்ததே, அது ரிஜெக்‌ஷன். அதாவது, வந்த கிட்னியை என் உடம்பே எதிர்த்தது. மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றியதும் அடங்கியது. இப்போது கிரியேட்டினின் (கிட்னி வடிகட்டாமல் இரத்தத்தில் தேங்கும் கழிவு) 2.1 வரை வந்திருப்பது வேறு விஷயம், வருஷக்கணக்காக நடந்த தேய்மானம். பயாப்சியில் தழும்பு நிறைய தெரிகிறதாம். உடம்பின் எதிர்ப்பு கொஞ்சம், பிரஷர் கொஞ்சம், ஸ்டீராய்டு கொண்டுவந்த சர்க்கரை கொஞ்சம், அப்புறம் உடம்பின் எதிர்ப்பை அடக்கும் அந்த டாக்ரோலிமஸ் மாத்திரையும்தான். கிட்னியைக் காப்பாற்றவே தினமும் அதைப் போடுகிறேன், வருஷம் போகப் போக அதுவே கிட்னியை அரிக்கவும் செய்யும் என்கிறார்கள், என்ன கணக்கோ.

என் தப்பும் உண்டு, உன்னிடம் சொன்னதில்லை. 2019-இல் இருமல் என்று பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாலாம் நாள் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. பார்த்தால் அந்த மருந்தால் இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு எகிறிக் கிடக்கிறது, கிரியேட்டினினும் கூடவே. இறங்கியது, ஆனால் பத்து வருஷம் 1.3-இல் நின்றது 1.5-க்குக் கீழே திரும்பவே இல்லை.

இதை அம்மாவிடம் நூறு தடவை சொல்லிவிட்டேன். கேட்டால்தானே! "நான் கொடுத்ததே மட்டமான கிட்னியோ என்னவோ" என்று அடுப்படியில் நின்று அழுகிறாள். 1954-இல் பாஸ்டனில் ரொனால்டு ஹெரிக் தன் இரட்டைச் சகோதரன் ரிச்சர்டுக்குக் கொடுத்த கதையைச் சொன்னேன். ஒரே அச்சு இரட்டையர், ரிஜெக்‌ஷனுக்கே இடமில்லை, அப்படியும் பழைய நோய் புதுக் கிட்னியில் திரும்பி வந்து எட்டு வருஷத்தில் ரிச்சர்டு போய்விட்டார். கொடுத்தவர் 2010 வரை, 79 வயது வரை இருந்தார். "அப்போ எனக்கு இன்னும் வருஷம் இருக்கு, உங்களுக்குத்தான்..." என்று மறுபடியும் ஆரம்பித்துவிட்டாள், சொல்லியிருக்கவே கூடாது.

உன் கிட்னி எனக்கு வேண்டாம். உனக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை. கொடுத்துவிட்டுக் கர்ப்பமானால் பிரஷர் வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்று டாக்டரே சொன்னார். சர்க்கரை வேறு நம் வீட்டுச் சொத்து. தேவைப்படும்போது மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்குப் பதிவு செய்துகொள்கிறேன், அந்த வரிசையில் நின்று பார்க்கிறேன், அதுவரை டயாலிசிஸ் இருக்கவே இருக்கிறது. கோபப்படாதே, பேச்சு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணு. என் ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காதே, புளிக்காய்ச்சல் எப்படி வைப்பது என்று கேள், அரை மணி நேரம் பேசுவாள். எட்டு மணி அலாரம் அடிக்கிறது, அதற்குள் அவளே தண்ணீரும் மாத்திரையுமாக வந்து நிற்கிறாள்.

அப்பா