அது அலங்காரத் தட்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழில் இஸ்தான்புல் தொப்காப்பி அரண்மனை நூதனசாலையில் உள்ள பச்சைப் பீங்கான் தட்டு ஒன்றின் படம் வந்திருந்தது. கீழே 'சீன அலங்காரத் தட்டு' என்று போட்டிருந்தீர்கள். படம் அருமை. அந்த 'அலங்கார'த்தோடுதான் எனக்குத் தகராறு.

எங்கள் வீட்டில் பேப்பரை முதலில் விரிப்பது மனைவிதான். பார்த்த உடனே, "இதென்ன, சஹன் மாதிரி இருக்கு" என்றா. சரியாகப் பிடித்துவிட்டா. திருகோணமலைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து உண்ணும் பெரிய தட்டுத்தான் சஹன். 2009இல் பாலம் திறப்பதற்கு முன்பு, பாதையில் (அக்கரை சேர்க்கும் மிதவைப் படகில்) ஏறிக் கிண்ணியாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். படிக்கமும் செம்புமாக வந்து கையில் தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு சஹன் வந்தது. கூச்சத்தில் என் பக்கத்துச் சோற்றை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த வயதான காக்கா (முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்) ஒருவர், பேசாமல் கோழித் துண்டுகளை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்.

தொப்காப்பித் தட்டுகளின் வேலையும் இதுதான். சீனாவின் செஜியாங் மாகாணத்து லொங்சுவான் சூளைகளில் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் இப்படியான பெரிய தட்டுகளைச் செய்து மேற்கே கப்பலேற்றினார்கள். சீனர் தனித்தனிக் கிண்ணத்தில் சோறு உண்பவர்கள். ஒரே தட்டில் பலர் கைவைத்து உண்ணும் அரபு, பாரசீக, துருக்கி நாடுகளில்தான் இவ்வளவு பெரிய தட்டுக்குக் கிராக்கி இருந்தது. தொப்காப்பியில் 10,000க்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்கள் உள்ளன. அரண்மனைச் சாப்பாட்டுக்குப் புழங்கியவை அவற்றில் ஏராளம். நஞ்சு கலந்த உணவை வைத்தால் பச்சைத் தட்டு நிறம் மாறும், வெடிக்கும் என்றுகூட ஒரு நம்பிக்கை இருந்ததாம். அரண்மனைச் சமையற்காரர் பாடு என்னவாக இருந்திருக்குமோ!

அந்தப் பச்சை, தீட்டிய வர்ணமும் அல்ல. மேலே பூசும் கண்ணாடிப் பூச்சில் கொஞ்சம் இரும்புச் சத்து இருக்கும். சூளைக்குள் காற்றை அடக்கி எரித்தால் அது பச்சையாகும். தாராளமாகக் காற்று விட்டால் மஞ்சளாகவோ பழுப்பாகவோ போய்விடும். இந்தத் தட்டுகளைக் கவிழ்த்தால் அடியில் பூச்சில்லாத ஒரு வளையம் செங்கல் நிறத்தில் தெரியும். சூளையில் தாங்கியின்மேல் உட்கார்ந்த இடம் அது. அங்கேயும் பூசியிருந்தால் தட்டு தாங்கியோடு ஒட்டிக்கொள்ளும்.

பூச்சு அழகுக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அம்மாவின் மீன்சட்டி பூச்சில்லாதது. புளியையும் எண்ணெயையும் குடித்துக் குடித்தே ருசி ஏறியது. அதில் வேறெதையும் வைக்க விடமாட்டா. இன்று இறைச்சிச் சோறு, நாளை இனிப்பு என்று மாறி மாறிப் பரிமாறும் தட்டுக்கு அந்தக் குணம் சரிவராது. கழுவியதும் நேற்றைய வாசம் போய்விட வேண்டும்.

அடுத்த முறை 'பரிமாறும் தட்டு' என்றே போடுங்கள். முடிந்தால் கவிழ்த்து வைத்த படம் ஒன்றும் சேர்த்துப் போடுங்கள். அந்தச் செங்கல் வளையத்தை மனைவிக்குக் காட்ட வேண்டும். நான் வாயால் சொன்னதை அவ இன்னும் நம்பவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.