வெங்காய விதை பிடிக்காததற்கு வெயிலும் காரணம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெங்காயத்தில் பூ நிறைந்தும் விதை பிடிக்கவில்லை என்றால் உரத்தையும் தேனீயையும்தான் குறை சொல்கிறார்கள். பூத்த நாட்களில் வெப்பம் எவ்வளவு என்று யாரும் குறித்து வைப்பதில்லை.

ஒரு பூவில் மூன்று அறைகள், அறைக்கு இரண்டு சூல் (பின்னால் விதையாக மாறுவது). முழுதாகப் பிடித்தாலே 6 விதைகள்தான். பூ விரிந்ததும் மகரந்தம் உதிரத் தொடங்கிவிடும். அப்போது பூவின் நடுவே எழும் மெல்லிய காம்பான சூல்தண்டு 1 மி.மீ. அளவே இருக்கும். அது 5 மி.மீ. வரை நீண்டு அதன் நுனியில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி பக்குவப்படும்போது அந்தப் பூவின் சொந்த மகரந்தம் தீர்ந்திருக்கும். வேறொரு பூவின் மகரந்தத்தைப் பூச்சி சுமந்து வந்தாக வேண்டும்.

வெயில் கெடுப்பது இந்தக் கட்டத்தைத்தான். 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தத்தின் உயிர்ப்பு குறைகிறது, சூல்முடி சீக்கிரம் காய்கிறது. 40-ஐத் தொட்டால் சேதம் கடுமை. வெங்காயத் தேனில் பொட்டாசியம் அதிகம் என்பதால் தேனீக்கு அது ஏற்கெனவே அவ்வளவு பிடிக்காது. வெயிலில் தேன் கெட்டியானால் பக்கத்து வயல் பூவைத் தேடிப் போய்விடும். குளிரும் ஆகாது. 13 டிகிரிக்குக் கீழே தேனீ சரிவரப் பறக்காது.

ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் வாரக்கணக்கில் விரிவதால், பின்னால் விரிபவைதான் கோடையில் மாட்டுகின்றன. உச்ச வெயிலுக்கு முன்பே பூப்பு முடியும்படி நாளைப் பின்னோக்கி எண்ணி நட வேண்டும். பெரிய கிழங்கு, சிறிய கிழங்கு என்று தரம் பிரித்து நட்டால் பூப்பு நீண்டு போகாது. பூத்தண்டு கிளம்பக் கிழங்குக்குச் சுமார் 10 டிகிரிக் குளிர் சில வாரங்கள் வேண்டும் என்பதால் நடவை இஷ்டத்துக்குத் தள்ளவும் முடியாது.

தேனீப் பெட்டிகளைப் பத்தில் ஒரு பங்கு பூ விரிந்த பிறகே வையுங்கள். முன்கூட்டி வைத்தால் வேறு பயிருக்குப் பழகிவிடும். மண் காயவிடக் கூடாது. ஆனால் தெளிப்பு நீர் மகரந்தத்தைக் கழுவிவிடும், பாத்தியிலோ சொட்டு நீராகவோ பாய்ச்சுவதே நல்லது. பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து அடிக்கவே வேண்டாம்.

தவறு எங்கே என்று அறியப் பச்சைக் காய்களைக் கீறிப் பாருங்கள். சூல்கள் துளியும் பருக்காமல் வற்றியிருந்தால் மகரந்தம் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் பலிக்கவில்லை. வெள்ளையாகப் பருத்துப் பிறகு சுருங்கியிருந்தால், சூல் பிடித்த பின்னர் வெப்பமோ தண்ணீர்க் குறைவோ தாக்கியிருக்கிறது. இரண்டாவது வகைக்குத் தேனீப் பெட்டியைக் கூட்டிப் பயனில்லை.

இப்படிக்கு,
வெங்காய விதை உற்பத்தியாளர் ஒருவர்