அந்த ரோஜாவைப் பிடுங்கிவிடாதே

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லோரும் நலம்.   

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. உன் அம்மாவின் ரோஜாவை இடம் மாற்றி நட்டாய், இலையெல்லாம் கொட்டிவிட்டது, பிடுங்கிப் போடப்போகிறேன் என்கிறாய். வேண்டாம். அதற்குள் என்ன அவசரம்?

இலை கொட்டினால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. தோண்டும்போது தடித்த வேர்கள்தான் உன்னோடு வந்திருக்கும். தண்ணீரை உறிஞ்சும் சல்லிவேர்களில் பெரும்பகுதி பழைய மண்ணிலேயே அறுந்து நின்றிருக்கும். மிஞ்சிய வேரால் அத்தனை இலைக்கும் நீர் கொடுக்க முடியாது. அதனால் செடி இலையை உதிர்க்கிறது.

முதலில் நகத்தால் ஒரு தண்டைச் சுரண்டிப் பார். பட்டைக்கு அடியில் பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே சுரண்டு. நுனி காய்ந்து அடி பச்சையாக இருப்பது சகஜம். பச்சை தொடங்கும் இடத்தில், வெளிப்பக்கம் பார்த்த ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிடு. மொட்டு இருந்தால் அதையும் கிள்ளு. உனக்கு மனசு வராது, தெரியும். புதுப் பென்சிலைச் சீவவே தயங்கியவன் நீ! ஆனால் பூவுக்குப் போகிற சத்து இப்போது வேருக்குப் போகட்டும்.

தேறட்டும் என்று உரம் வேறு போட்டிருக்கிறாய். எனக்குப் பெரிய கவலை அதுதான். மண்ணில் உப்பு கூடினால், ஈரம் இருந்தாலும் வேரால் இழுக்க முடியாது. இளம் வேர்நுனி கருகிவிடும். மேலே கிடப்பதை அள்ளி எடுத்துவிட்டு, ஒரு தடவை நிறையத் தண்ணீர் விட்டு மிச்சத்தைக் கீழே இறக்கு. புதுத் தளிர் விட்டு இலை நன்றாக விரியும்வரை இனி எந்த உரமும் வேண்டாம்.

அதன்பின் விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, 5 செ.மீ. ஆழத்தில் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. இலையில்லாத செடி அதிகம் குடிக்காது; தினமும் ஊற்றிச் சேறாக்கினால் காற்றில்லாமல் வேர் அழுகும். காய்ந்த சருகால் மூடாக்குப் போடு, சருகு தண்டைத் தொடாமல் இருக்கட்டும். உச்சி வெயிலுக்கு ஒரு துணி கட்டு. வேர் பிடித்ததா என்று ஆட்டிப் பார்க்காதே. புதிதாக விட்ட வேர் அதிலேயே அறுந்துபோகும்.

அம்மாவின் அந்த வீடும் கைமாறிவிட்டது. அம்மா கையால் வைத்ததில் மிச்சம் இது ஒன்றுதான். சில வாரமாவது பொறுத்துப் பார், நண்பா.

இன்னொன்று. அம்மா குச்சி நட்டு வளர்த்த செடியா, வேறொரு ரோஜாவின் அடிச்செடிமேல் ஒட்டி வளர்த்த ஒட்டுச்செடியா? அக்காவுக்குத் தெரிந்திருக்கும். குச்சி என்றால் எங்கே தளிர்த்தாலும் அது அம்மாவின் ரோஜாதான். ஒட்டு என்றால், ஒட்டுக்குக் கீழே வருவது அடிச்செடியின் தளிர்; விட்டால் அது மேலே இருப்பதை அமுக்கிவிடும், தோன்றும் இடத்திலேயே பிய்த்துவிட வேண்டும். கேட்டு உடனே எழுது. சுரண்டியதில் என்ன நிறம் தெரிந்தது என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழன்